வேகம் குறைந்த குரல்

அடுத்த அறையில் கணவனின் கணினி முன்புபோல் வேகமாகப் பேசவில்லை என்பதை முதலில் கவனித்தவள் அவள்தான்.

இருவருக்கும் பார்வை கிடையாது. அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. அவனுக்கு முப்பது தாண்டியபின் சர்க்கரை நோய் பறித்துக்கொண்டது. அவள் ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். கணினியோடு இணைத்த பிரெயில் பலகையில், திரையில் இருக்கும் வரி சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பி நிற்கும். அதை விரலால் தடவிப் படிப்பாள். அவனுக்கு அந்தப் பொறுமை வந்ததே இல்லை. புள்ளி பொறுக்குவதெல்லாம் உன் வேலை, எனக்குக் காது போதும் என்பான்.

கணினியே திரையில் உள்ளதை அவனுக்குப் படித்துச் சொல்லும். அவன் வைத்திருந்த வேகத்தில் அது மற்றவர்களுக்குக் கடுகு வெடிக்கிற சத்தமாகத்தான் கேட்கும். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில், தொலைபேசியில் பேசுகிறவரை ஒரு காதிலும் கணினியை மறு காதிலும் வாங்கிக்கொண்டே தட்டச்சு செய்வான். அலுவலகத்தில் அவனை எக்ஸ்பிரஸ் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த எக்ஸ்பிரஸ் இப்போது எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது. வேகம் குறையக் குறைய சத்தம் கூடியது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள்.

பிறகு ஒருநாள் எட்டாம் தெருவுக்குப் போகவேண்டிய தண்ணீர் லாரியை அவன் ஏழாம் தெருவுக்கு அனுப்பிவிட்டான். பிள்ளை பெற்று வீடு திரும்பியிருந்த ஒரு பெண் சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். மேலாளர் திட்டவில்லை. தோளில் கைவைத்து, காதைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னான்.

மருத்துவர் வளைத்துப் பேசவில்லை. வலது காது போனது போனதுதான், இடது காதும் அதிக நாள் தாங்காது என்றார். திரும்பி வந்து பேருந்திலிருந்து இறங்கும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நானும் புள்ளி பொறுக்க வேண்டியதுதான் போல என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. கணினியில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. பலகையை இணைத்துக் குரலை நிறுத்திவிட்டால் எல்லாம் புள்ளியாகவே வரும். அவன் படிக்கப் பழகிவிட்டால் ஒரு பலகை வாங்கித் தருவதாக அலுவலகமும் சொன்னது. அதுவரைக்கும் வீட்டில் வைத்திருந்த தன்னுடையதையே கொடுத்தாள். எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். சீக்கிரமே அவன் பாடங்களைத் தட்டுத்தடுமாறிப் படித்துக் காட்டினான். அவள் தன் தம்பியை அழைத்து, உங்க மாமா தேறிட்டார் என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

ஒரு விடுமுறை நாளில் விளையாட்டாக அவளே ஒரு வரி தட்டச்சு செய்து, குரலை நிறுத்திவிட்டுப் பலகையை அவன் பக்கம் நகர்த்தினாள். மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொல்லி எழுதியிருந்தாள்.

அவன் நிதானமாகத் தடவினான். "'என் சமையலுக்கு ஈடே இல்லை'ன்னு எழுதியிருக்கே. உன்னை நீயே புகழ்ந்துக்கறியா?"

பழக்கத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை படிங்க."

அவன் விரல்கள் மறுபடி ஓடின, நின்றன. "ஒண்ணுமே தெரியல. உப்புத்தாளைத் தடவுற மாதிரி இருக்கு. எல்லா வரியும் ஒரே வரிதான்."

"பாடமெல்லாம் படிச்சீங்களே?"

"நீ வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரைச் சத்தமா பேசவச்சு மனப்பாடம் பண்ணினேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது?"

அவள் அவன் ஆள்காட்டி விரலை எடுத்து நுனியில் நகம் பதியக் கிள்ளினாள். அவன் கையை இழுக்கவில்லை. அழுத்திக் கிள்ளினாள்.

"என்ன, விரலைப் பிடிச்சிட்டு சும்மா இருக்கே?" என்றான்.

அவள் அந்த விரலை விடாமல் அழுதாள். அழுகிற சத்தம் அவனுக்கு எட்டியிருக்காது. அவள் தோள் குலுங்கியதில்தான் தெரிந்துகொண்டான்.

கண்ணைக் கெடுத்த சர்க்கரைதான் விரலையும் தின்றிருந்தது. மாத முடிவில் அவன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். முன்கையில் மட்டும் உணர்வு மிச்சமிருந்தது. பிரெயிலின் ஆறு புள்ளிக்கும் அங்கே ஆறு இடம் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் எந்தெந்தப் புள்ளியோ அந்தந்த இடத்தில் அவள் விரலால் தட்டினாள். ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனாலும் பிடித்துக்கொண்டான். வெயிலா மழையா, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அந்தக் கை வழியாகவே போயிற்று. நீளமான செய்திகளைச் சுருக்கினாள். மனசில் இருப்பதைச் சுருக்கத் தெரியாமல், பல நேரம் தட்டாமலே விட்டுவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் இடது காதும் அடைத்துக்கொண்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவன் கத்திப் பேசலானான். பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்து ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று அவள் அவன் கையில் தட்டினாள். அதைத் தட்டியிருக்க வேண்டாமோ என்று பிறகு பலமுறை நினைத்தாள். அன்றிலிருந்து அவன் பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. சில நாள் உதடு அசைகிற சத்தம் மட்டும் வரும். அவள் கைவேலையை விட்டுவிட்டு அவன் வாயருகே காதை வைத்துக்கொள்வாள்.

"கேக்குதா?" என்பான்.

கேட்கிறது என்று தட்டுவாள்.