கிழிந்த விரிப்பு

கிழிந்த படுக்கைவிரிப்பு கண்டெடுத்தவருக்குச் சொந்தம். எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காக அதுதான் வழக்கம். என் வீட்டு ஜன்னல் திரைகூட அப்படி வந்ததுதான். என்னோடு அதே இஸ்திரி மெஷினில் நிற்கும் தங்கை புருஷனும் மகளின் அறைக்குத் திரை தைக்க இரண்டு எடுத்தான். புதிதாக வந்த மேனேஜர் அவன் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார்.

வக்கீலைப் பிடித்தது நான். பிழைக்க வந்த இந்த நாட்டில் தமிழ் பேசினார், வாய் நிறைய "அண்ணே" என்றார். எனக்கு அது போதாதா? வீடு வாங்கி விற்கும் பத்திரம்தான் அவர் தொழில் என்று வாசல் பலகையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் படிக்காமலா இருந்தேன்!

"திருடுனேன்னு ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்டுருவாங்கண்ணே. வழக்காடினா வருஷக்கணக்குல இழுக்கும்," என்றார் வக்கீல்.

"நான் திருடலையே மச்சான். கிழிஞ்சத எடுத்துக்கலாம்னு சூப்பர்வைசர் வந்து சொல்வாரே," என்றான் அவன்.

"ரோஷத்த மூட்ட கட்டி வை மாப்ள. வக்கீலுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

கோர்ட்டில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையசைத்தேன். ஒத்துக்கொண்டான். பத்தே நிமிஷம், எச்சரித்து விட்டுவிட்டார்கள். "பாத்தியா?" என்று முதுகில் தட்டினேன்.

மூன்று மாதம் கழித்து விசாவைப் புதுப்பிக்கப் போனான். திருட்டை ஒப்புக்கொண்ட வெளிநாட்டுக்காரர் இங்கே இருக்க முடியாது என்று கடிதம் வந்தது. பின்னாலேயே விசா அலுவலக ஆட்கள் வந்து காவலில் வைக்கக் கூட்டிப்போனார்கள்.

வக்கீலிடம் ஓடினேன். "விசா சட்டமெல்லாம் நான் பாக்கிறதில்லண்ணே. நீங்களும் கேக்கலையே," என்றார். அந்த அண்ணே மட்டும் குறையவில்லை. சூப்பர்வைசரிடம் கடிதம் வாங்கி விசா அலுவலகத்தில் நீட்டினேன். அங்கிருந்த அம்மாள் நிதானமாகப் படித்தார். இதை அன்றைக்கே கோர்ட்டில் கொடுத்திருந்தால் விடுதலை ஆகியிருப்பார், இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். யார்மேல் கோபப்படுவது?

தங்கை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன்னப் பாத்துட்டுத்தானண்ணா ஒத்துக்கிட்டாரு," என்றாள், அவ்வளவுதான்.

நேற்று அவனைப் பார்க்க விட்டார்கள். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு போன். அவன் கையில் ஒரு தாள்.

"ஊருக்கு நானே போறேன்னு கையெழுத்துக் கேக்கிறாங்க. போட்டா நாளைக்கே அனுப்பிடுவாங்களாம். போடலன்னா இங்கயே கிடக்கணுமாம், எப்பன்னு தெரியாது." பேனாவை எடுத்தான். "போடட்டுமா மச்சான்?"

இன்னமும் என்னைத்தான் கேட்கிறான். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தலை அசைவதற்காக அவன் காத்திருந்தான்.