பரங்கித் தோட்டத்தில் இரண்டு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பண்ணை வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. லோர்னா பத்துக்கே வந்துவிட்டாள். காரின் பின் இருக்கையில் மைலோ ஒரு காலுறையைக் கழற்றி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

மைலோவுக்கு இரண்டரை வயது. பதினோரு மாதக் குழந்தையாக இருக்கும்போது நீதிமன்றம் அவனை லோர்னாவிடம் தற்காலிகமாக வளர்க்கக் கொடுத்தது. அவனைப் பெற்றவள் கெய்லி. போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனவள், இப்போது தேறி, ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். வாரம் ஒருமுறை, அலுவலக அறை ஒன்றில், ஒரு மணி நேரம் மகனைப் பார்க்கலாம். வெளியில் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. வியாழக்கிழமை நீதிமன்ற விசாரணை. இன்று எல்லாம் நன்றாக நடந்தால் நவம்பர் முடிவதற்குள் பையன் தாயிடம் போய்விடுவான் என்று குழந்தைகள் நல அதிகாரி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டியது லோர்னா. படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குழந்தை அழுதால் யாரிடம் போகிறது?

"அழலைன்னா எழுதவே வேண்டியதில்ல," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் கஸ். "ரெண்டு டோனட் வாங்கிக் குடுத்தா நானே அழமாட்டேன்."

லோர்னா சிரிக்கவில்லை. இன்று ஏதாவது தப்பாக நடக்கட்டும் என்று காலையில் பாத்திரம் கழுவும்போது ஒரு நிமிடம் நினைத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

கெய்லியைச் சிநேகிதி ஒருத்தி காரில் இறக்கிவிட்டுப் போனாள். இருபத்துமூன்று வயது. தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். கையில் காகிதப் பை.

"இவனுக்கு ஒண்ணு வாங்கினேன்," என்று பிரித்தாள். ஆரஞ்சு நிறக் கம்பளிச் சட்டை. அதன் தொப்பியில் பரங்கிக்காய்க் காம்பு மாதிரி பச்சையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

முதல் கையை நுழைத்ததுமே தெரிந்துவிட்டது. முழங்கையைத் தாண்டிச் சட்டை ஏறவில்லை. மைலோ முகத்தைச் சுளித்தான். கழுத்துப்பட்டியில் பன்னிரண்டு மாதம் என்று அளவு போட்டிருந்ததை லோர்னா பார்த்தாள்.

"இந்தக் கடையில எப்பவுமே சின்னதாத்தான் தைப்பாங்க, கெய்லி."

"பொய் சொல்லாதீங்க, லோர்னா." கெய்லி சட்டையை மெதுவாக உருவினாள். "நான் கடைசியா இவனுக்குத் துணி வாங்கினப்போ இந்த அளவுதான். கடையில நின்னப்போ வேற எதுவும் தோணல."

"குடும்மா இங்க," என்று கஸ் அதை வாங்கித் தொப்பியை மட்டும் மைலோவின் தலையில் மாட்டினார். சட்டைக் கைகள் இரண்டும் காதோரம் தொங்கின. "பாரு, முயல்!"

மைலோ சிரித்தான். கெய்லியும் சிரித்தாள். அதைத் தலையில் மாட்டியபடியே, பரங்கிக்காய் பறிக்க வருகிறவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போகும் டிராக்டர் வண்டியில் ஏறினார்கள்.

வண்டியில் வைக்கோல் கட்டுகள்தான் இருக்கை. மைலோ தானாக லோர்னாவின் மடியில் ஏறிக்கொண்டான். எதிரே கெய்லி. கஸ் வாங்கிக் கொடுத்த டோனட்டை மைலோ கடித்து, எச்சிலோடு ஒரு துண்டை எடுத்து லோர்னாவின் வாயில் திணித்தான்.

"எனக்கில்லையாடா?" என்றாள் கெய்லி.

அவன் யோசித்தான். மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"சரியான கஞ்சன். என்னை மாதிரியே," என்று சொல்லிவிட்டு அவள் மரங்களைப் பார்க்கத் தொடங்கினாள். மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன.

தோட்டத்தில் கொடிகள் காய்ந்து, பரங்கிகள் மட்டும் மண்ணில் கிடந்தன. நல்ல காய்கள் எத்தனையோ இருக்க, ஒரு பக்கம் அழுகியதைத்தான் மைலோ பிடித்தான். வேறு எதைக் காட்டினாலும் வேண்டாம் என்றான். அதைத் தூக்கப் போய், கொடி தடுக்கி முகம் குப்புற விழுந்தான்.

உதட்டில் ரத்தம். எழுந்து, வாயைத் திறந்து, ஒரு நொடி சத்தமே இல்லாமல் நின்றான். கெய்லி மிக அருகில் இருந்தாள். மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். அவன் அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு, இருபதடி தள்ளி நின்ற லோர்னாவிடம் ஓடினான்.

"ம்மா!"

லோர்னா அவனைத் தூக்கிக்கொண்டாள். சூடான சின்ன முகம் அவள் கழுத்தில் புதைந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லாத சந்தோஷம். கெய்லி மண்டியிட்டபடியே இருப்பதை அதன் பிறகுதான் பார்த்தாள். கைகளை மட்டும் மடக்கியிருந்தாள்.

"இதைத்தானே எழுதுவீங்க?" என்றாள் கெய்லி. குரலில் கோபம் இல்லை. "எழுதுங்க. நடந்ததுதானே."

அழுகை அடங்கும்வரை லோர்னா மைலோவை வைத்திருந்தாள். பிறகு அவனைக் கெய்லியின் முன்னால் இறக்கிவிட்டாள்.

"நான் போய்த் தண்ணி வாங்கிட்டு வரேன்."

தண்ணீர்க் கடை வலது பக்கம். அவள் இடது பக்கம் நடந்தாள். அங்கே ஆளுயரத்துக்குச் சோளம். நடுவில் வளைத்து வளைத்துப் பாதை வெட்டி, வழி கண்டுபிடித்து வெளியே வரும் விளையாட்டுக்காக வைத்திருந்தார்கள். மூன்று திருப்பம் தாண்டி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மைலோவின் அழுகை ஆரம்பித்தது. முதலில் கோபத்தில் அழுதான். பிறகு பயத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். "ம்மா! ம்மா!" லோர்னா சோளத்தட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

கஸ் தேடிக்கொண்டு வந்தார். "பையன் கதர்றான். கேக்கலையா உனக்கு?"

"கேக்குது."

"அப்ப வா."

"நான் வந்தா என்கிட்டதான் வருவான், கஸ்."

அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஒரு சின்னப் பெண் அவர்களைத் தாண்டி ஓடியவள் திரும்பி வந்தாள். "வழி தெரியலையா? நான் காட்டவா?"

"எங்களுக்குத் தெரியும், கண்ணு. நீ போ," என்றார் கஸ்.

அழுகை நீண்டது. விக்கலானது. பிறகு நின்றது.

அவன் அழுத வரைக்கும் தாங்கிக்கொண்ட லோர்னா, அது நின்றதும் கஸ்ஸின் மேல்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர்கள் வெளியே வந்தபோது கெய்லி அதே இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தோளில் மைலோ. வாய் திறந்து, எச்சில் ஒழுகத் தூங்கிப்போயிருந்தான்.

"அசையவே பயமா இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "எழுந்துட்டா?"

"எழமாட்டான். முதுகைத் தட்டாத. தேச்சு விடு. வட்டமா."

காரை நோக்கி மெதுவாக நடந்தார்கள். கஸ் முன்னால் போனார்.

"வேற என்ன?" என்றாள் கெய்லி.

"வாழைப்பழத்தை நறுக்கிடாத. முழுசாக் குடு. உடைஞ்சா தொடமாட்டான்."

"சரி."

"குளிக்கும்போது கண்ணுல தண்ணி படக்கூடாது. மேல ஏதாவது காட்டு, அண்ணாந்து பாப்பான். இருமல் வந்தா ராத்திரிக்குள்ள காதுவலி வந்துரும், காத்திருக்காம டாக்டர்கிட்ட போயிரு. நாய்னா பயமில்ல. லாரி சத்தம்னா பயம்."

"வேற?"

லோர்னா யோசித்தாள். ஒன்றரை வருடம். இன்னும் எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். கார் வந்துவிட்டது. கஸ் கதவைத் திறந்துவைத்திருந்தார்.

"காலைல எழுந்தா அழமாட்டான்," என்றாள் கடைசியில். "கூப்பிடவும் மாட்டான். கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு சும்மா நின்னுட்டிருப்பான். யாரும் வரலைன்னாலும் அப்படியே நிப்பான். அதனால நீதான் போய்ப் பாக்கணும்."

மகனின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த கெய்லியின் கை நின்றது.

"தெரியும்," என்றாள். "என்கிட்ட இருந்தப்பவே அப்படித்தான் நிப்பான்."