கண்டதெல்லாம் மஞ்சள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு டார்ச் ஒரு தொழில் சாமான். ஒன்று போதும், அவசரத்துக்கு இன்னொன்று இருக்கலாம். நம்முடைய லிஃப்ட்காரரிடம் ஒரு அலமாரி நிறைய இருந்தது.

புதிதாக ஒன்று வந்தால் அவர் செய்யும் முதல் காரியம், அதன் உடம்பில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுப்பது. டார்ச் பிரியர்கள் சிலர் சேர்ந்து செல்போனில் வைத்திருந்த குழுவில் அவருக்குப் பட்டப்பெயரே 'பேரழிச்சான்'தான். நல்ல வெளிச்சத்துக்கு விளம்பரம் எதற்கு என்பது அவர் கட்சி.

அவர் மனைவி தையல்காரி. உப்புத்தாள் சத்தம் கேட்டாலே மெஷினை நிறுத்திவிட்டு வம்புக்கு இழுப்பாள். "கல்யாணம் ஆனதிலேருந்து என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. எப்பவும் 'ஏம்மா'தான். அப்ப நானும் நல்ல டார்ச்சுதான் போல."

குழுவில் பெயர்ச் சண்டையைவிடப் பெரியது நிறச் சண்டை. நாம் வெள்ளை வெளிச்சம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அவர்களுக்கு அது போதாது. நீலம் பாய்ந்த வெள்ளை, பச்சை தட்டிய வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, ரோஜா படர்ந்த வெள்ளை என்று சாயல் பிரிப்பார்கள். அதை 'டின்ட்' என்பார்கள். ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதும் ஒருவருக்கு நீலம் பாய்ந்தால்தான் வெளிச்சம். அவர் பெயரே 'நீலம்' ஆகிவிட்டது. நம்மவருக்கோ சாயங்கால வெயில் மாதிரி இதமாக இருக்க வேண்டும். வீட்டு பல்புகளைக்கூட அப்படித்தான் மாற்றி வைத்திருந்தார்.

ஒருமுறை நம்மவர் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நீலம், "என்ன அண்ணே, செவுரு சீக்குல படுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார். நம்மவர் உடனே பதில் போட்டார்: "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், தம்பி."

குழு முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அவர் வெளிச்சத்தை யார் குறை சொன்னாலும் அதுதான் பதில். வீட்டிலும் அதுவே நடமாடியது. அவர் பாதி சொன்னால் அவள் மீதியை முடிப்பாள்.

அவர்கள் வீட்டுக்கு வெயில் வராது. பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஜன்னலை ஒட்டி நின்றது. அந்த இருட்டு அறையில்தான் அவள் தைத்தாள். அதனால் மெஷின் கழுத்தில் ஒரு சின்ன டார்ச்சைக் கவ்வ வைத்துக் கொடுத்திருந்தார். துணி நிறத்துக்கு நூல் பொருத்த அதுதான் நீதிபதி. கடைக்காரன் சொன்னால் நம்பமாட்டாள், அந்த டார்ச் சொன்னால் நம்புவாள்.

ஒருநாள் சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த லைட்டுக்கு என்னமோ ஆயிடுச்சு. என் கை மஞ்சளா தெரியுது பாருங்க."

அவர் வந்து பார்த்தார். மஞ்சளாகத்தான் தெரிந்தது. "காமாலைக் கண்ணுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கண்டதெல்லாம் மஞ்சள்," என்று அவள் முடித்து, கழுத்தில் தொங்கிய டேப்பால் அவர் தோளில் ஒன்று போட்டாள்.

சிரித்தாரே தவிர அவருக்கு உள்ளுக்குள் குத்தியது. தன் டார்ச்சைக் குறை சொன்னது நீலமாக இருந்தால் போகிறது என்று விடலாம். சொன்னது அவள். அடுத்த விடுமுறையில் டார்ச்சைப் பிரித்தார். மூக்குத்திக் கல் அளவே இருந்த பழைய எல்.இ.டி.யைச் சூடுகாட்டிக் கழற்றினார். பொத்திப் பொத்தி வைத்திருந்த ரோஜா டின்ட் ஒன்றை எடுத்துப் பதித்தார்.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். புறங்கையில் இளஞ்சிவப்பு படர்ந்து, சின்னப் பெண்ணின் கை மாதிரி இருந்தது. "இப்பதான் என் கை என் கையா இருக்கு," என்றாள். அவர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். நீலமே தோல்வியை ஒப்புக்கொண்டு, அண்ணி கைக்கு இந்த டின்ட்தான் பொருத்தம் என்று எழுதினார். நம்மவர் அன்று தரையில் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கையைச் சொறிவதும் முதுகைச் சொறிவதுமாக இருந்தாள். புதுத் துணியின் கஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். சாப்பாடு குறைந்தது. வேலையைக் குறை என்றார். சரி என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். மழைக்காலம் அப்படியே போனது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், தைத்ததை வாங்கிப்போக அவளுடைய அக்கா வந்தாள். வழியனுப்பத் தெருவரை போன தங்கையின் முகத்தை அக்கா இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டி, கண்ணு என்னடி இப்படி இருக்கு?"

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு எழுத நர்ஸ் அவள் பெயரைக் கேட்டாள். அவர் வாயில் அது உடனே வரவில்லை. அவளே சொன்னாள்.

டாக்டர் பையிலிருந்து ஒரு பேனா டார்ச்சை எடுத்தார். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. உடம்பு முழுக்கக் கம்பெனிப் பெயர், நீலம் பாய்ந்த செத்த வெளிச்சம். தெருவில் கிடந்தால் நம்மவர் குனிந்து எடுக்கமாட்டார். அந்த வெளிச்சம் அவள் கண்ணில் விழுந்ததும் விழியின் வெள்ளை எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாகத் தெரிந்தது.

"காமாலை," என்றார் டாக்டர். "எவ்வளவு நாளா இருக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டு, "இப்பதான் டாக்டர்," என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. அந்தச் சாயங்காலம் அவள் கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. அது வெள்ளையாகத்தான் இருந்தது. டின்ட் கெட்டால் முதலில் வெள்ளை கெடும். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

கணையத்தில் கட்டி. அது பித்தக் குழாயை அடைத்து, ஈரலுக்கும் பரவியிருந்தது. நடையில் டாக்டரை நிறுத்தி, முன்பே வந்திருந்தால் என்று கேட்டார். "உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆபரேஷனைப் பத்தி யோசிச்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அவர் குழுவிலிருந்து சொல்லாமல் விலகினார். மெஷினிலிருந்து டார்ச்சைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் தள்ளினார்.

வெளியூரில் தங்கிப் படிக்கும் மகளுக்குச் செய்தி போனது. லேசான காமாலை என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தாள் மனைவி. மகள் புறப்பட்டுவிட்டாள் என்றதும் அவரை அருகில் அழைத்தாள்.

"அந்த ரோஜா லைட்டைக் கொண்டாங்க. இப்படிப் பாத்தா புள்ள பயந்துடும். பரீட்சை வேற இருக்கு."

"வேணாம்மா. அது பொய் சொல்ற லைட்டு."

"எனக்காக ஒரு நாள் சொல்லட்டுமே."

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்து, டார்ச்சைக் கட்டில் பக்கத்து மேஜையில் நிமிர்த்தி வைத்தார். வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்க இறங்கியது. அவள் முகம் மலர்ந்து கிடந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் தோளில் பையோடு வந்து வாசலிலேயே நின்றாள். அந்த அலமாரியோடு வளர்ந்தவள் அவள். அம்மாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"இது அம்மா மெஷின்ல இருந்ததுதானே?"

அவர் தலையசைத்தார்.

"அணைங்கப்பா."

"கண்ணு கூசுதாடி?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நான் உன்னைப் பாக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுத் திரையை ஒதுக்கினார். வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது.

மகள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துப் படுக்கை விரிப்பின் மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டாள். விரிப்பு வெள்ளையாக இருந்தது. மகளின் விரல்களுக்கு இடையே தெரிந்த கை மட்டும் மஞ்சளாக இருந்தது.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரைத் தேற்றத்தான் நினைத்தாளோ என்னவோ, "காமாலைக் கண்ணுக்கு..." என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.

அவர் முடிப்பார் என்று காத்திருந்தாள். அவர் உதடு அசைந்தது.

"சொல்லுங்களேன்."

அவர் சொன்னார். வந்தது அவள் பெயர்.