வாசல் நான் அடைக்கல

“மோளே, அந்தப் பாட்டு எப்பிடி முடியும்?”

ஹிபா இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, வந்தவர்கள் நெய்ச்சோறு தின்றுவிட்டுக் கலைந்திருந்தார்கள். பின்முற்றத்தில் குத்தவைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தஸ்ரினிடம் ஹமீதா பீவி வந்து இதைக் கேட்டாள். ஹிபாவைப் பெற்றவள். கேட்கும்போது அழவில்லை. மகளின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, புளி இருந்தால் கொஞ்சம் தா என்கிற குரலில்தான் கேட்டாள். தஸ்ரினுக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது அந்தக் குரலால்தான்.

எந்தப் பாட்டு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. குளச்சலில் அவர்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் போனில் கடைசியாகப் பதிந்த வீடியோவை ஹமீதா பீவி காலையில் போடுவாள். சாயங்காலம் அஸர் தொழுத பிறகு மறுபடியும் போடுவாள். தஸ்ரின் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் அந்த இடம் வரும்போது கை நின்றுவிடும்.

பாட்டு சாளையுடையது. சாளை மீனின் பெயரை வைத்துக்கொண்ட ராக் பேண்ட் அது. இனயத்துப் பையன் பிரைட்டனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியது. இப்போது திருவனந்தபுரம், கோயம்புத்தூர் என்று எங்கே போனாலும் கூட்டம் நெரிகிறது. ஹிபா கல்லூரிக்குப் போனவள். தஸ்ரின் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். சாயங்காலம் ஹிபா திரும்பி வந்ததும் மொட்டைமாடியில் ஒரு காதுக்கு ஒருத்தியாக இயர்போனைப் பங்கிட்டுக்கொள்வார்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஹிபா அடம்பிடித்தபோது, அவள் வாப்பா யாக்கூப், மீன் வியாபாரம் செய்கிறவர், சிரித்துவிட்டார்.

“சாளை பாக்கதுக்கு டிக்கெட்டா? எனக்க கடைக்கு வாங்கட்டி. கூடை கூடையா கெடக்கு. பாட்டு மட்டும் பாடாது.”

ஆனாலும் விட்டார். இரண்டு பேரும் நாகர்கோவிலுக்கு வெளியே இருந்த அந்த மைதானத்துக்குப் போனார்கள்.

இயர்போனில் கேட்ட பாட்டு வேறு, அது வேறு என்று தஸ்ரினுக்கு முதல் அடியிலேயே தெரிந்துபோயிற்று. டிரம் அடி காதில் விழவில்லை. விலா எலும்பில் விழுந்தது. யாரோ உள்ளேயிருந்து தட்டுவது போல இருந்தது. ஆண்களும் பெண்களுமாகத் தோள்கள் இடித்தன. அவளுக்கு மூச்சு முட்டிற்று. பின்னால், பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“பயந்தாங்கொள்ளி. இங்கயே நில்லு. நான் முன்னால போய் வீடியோ எடுத்துட்டு வாறேன்,” என்று ஹிபா தன் கைப்பையை அவள் தோளில் மாட்டிவிட்டுப் போனாள்.

புதுப்பாட்டு ஒன்று, இதுவரை எங்கேயும் பாடாதது என்று பிரைட்டன் சொன்னான். மூன்று வரிதான் கேட்டது.

*கடைசி வண்டி போயாச்சு,*
*கடல் மட்டும் முழிச்சிருக்கு,*
*நடந்து வா, நடந்து வா…*

இந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பாடினான். கூட்டம் பிடித்துக்கொண்டது. கடைசி ‘வா’வை இழுத்துக்கொண்டே அடுத்த வரிக்கு அவன் ஏறப் போன நேரத்தில் கரண்டு போயிற்று. விளக்கு, ஒலிபெருக்கி, கிட்டார் எல்லாம் ஒரே நொடியில் செத்தன. டிரம் அடிக்கிறவன் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டுக்குள் வெறும் தோல் சத்தம். கூட்டம் ‘ஓ’ என்று சிரித்தது. ஹிபாவின் வீடியோவிலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது. அதற்கு மேல் அவள் குரல்: “ஏட்டி தஸ்ரி, கேட்டியா? டிரம்மு மட்டும் நிக்கல!”

வீடியோ அங்கே முடிகிறது.

அதன் பிறகு யாரோ கத்தியிருக்கிறார்கள், கரண்டு வயர் அறுந்து ஈரத்தரையில் விழுந்துவிட்டது என்று. எந்த வயரும் விழவில்லை. ஆனால் அத்தனை பேரும் இருந்த ஒரு வாசலைப் பார்த்து ஓடினார்கள். யாரும் யாருக்கும் விலகவில்லை. ஹிபாவும் இன்னும் இரண்டு பேரும் அந்த வாசற்படியில் கிடந்தார்கள். தஸ்ரின் கடைசிவரை பானிபூரி வண்டியைப் பிடித்துக்கொண்டு, தோளில் இரண்டு பைகளோடு நின்றாள்.

சாளை அதற்குப் பிறகு அந்தப் பாட்டைத் தொடவில்லை. முடிவு பாடினவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இதைத்தான் பின்முற்றத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். “எனக்குத் தெரியாது மாமி” என்றிருந்தால் போதும். ஆனால் ஹமீதா பீவி போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

“நடந்து வா, நடந்து வாங்கான். பின்ன என்ன சொல்லுகான்? வரச் சொல்லிட்டு ஒருத்தன் சும்மா இருப்பானா?”

“மத்தியானம் அவிய பாடிப் பாத்தப்ப நாங்க மதில் பக்கம் நின்னு கேட்டோம் மாமி,” என்றாள் தஸ்ரின். வாய் தானாகச் சொல்லிற்று. பிறகு, தேய்த்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, அதே மெட்டில் மெல்லப் பாடினாள்:

*வாசல் நான் அடைக்கல,*
*வெளக்க நான் அணைக்கல.*

ஹமீதா பீவி இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை கூடவே பாடினாள். “கேட்டியா, நான் சொல்லல? சும்மா இருக்கமாட்டான்னு,” என்று எழுந்து போனாள்.

அன்றைக்கு இரவு அந்த வீட்டு வாசல் விளக்கு அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் நின்றுபோயிற்று. தஸ்ரின் படுத்திருக்கும் அறையின் சன்னலில் அந்த மஞ்சள் வெளிச்சம் சுவர் தாண்டி வந்து விழும். அவள் கண்ணை மூடினாலும் இமைக்குள் அது இருக்கும். சில நாள் காற்றில் அந்தக் கதவு லேசாகத் திறந்து மூடும். ஹிபா வந்துவிட்டாள் என்று தஸ்ரினின் உடம்பு ஒரு கணம் நம்பிவிடும். தான் கட்டிவிட்ட பொய்தானே என்று புத்தி சொல்லும், உடம்பு கேட்காது.

யாக்கூப் முதலில் கோபப்பட்டார். பிறகு தன் பழைய வழிக்கு வந்தார். “கள்ளன் வந்தா எழுப்பாத. அவனுக்கும் சேத்து ஒரு தட்டு வச்சிரு,” என்பார். ஆனால் ஒருநாள் மதில் பக்கம் நின்று தஸ்ரினிடம் தணிந்த குரலில் சொன்னார்: “எனக்கு உறக்கமே இல்ல மோளே. கதவு தெறந்து கெடந்தா எனக்கும் காது வாசல்லயே கெடக்கு.”

ஒரு வருஷம் தாண்டிற்று. ஹிபாவின் போனுக்கு ஹமீதா பீவி விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள். மழை விட்ட ஒரு காலையில் அந்தப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் ஓடி வந்தாள்.

“ஹிபாவுக்கு வந்திருக்கு பாரு!”

தஸ்ரின் போனை எட்டி வாங்கிப் பார்த்தாள். வந்திருந்தது சாளையின் அறிவிப்பு. மார்த்தாண்டத்தில் நிகழ்ச்சி. இறந்துபோன மூன்று பேரின் நினைவாக அந்தப் பாட்டை முதல்முறையாக முழுதாகப் பாடப்போகிறார்கள்.

“நாம போறோம்,” என்றாள் ஹமீதா பீவி. “அவ்வளவு பேரும் சேந்து அந்தக் கடைசி வரியப் பாடுகத நான் கேக்கணும்.”

“கூட்டம் மாமி. சத்தம் உங்களுக்கு ஒத்துக்காது.”

“காதுல பஞ்சு வச்சுக்கலாம்.”

“மாமாவும் வரட்டு.”

“நான் வரல்ல,” என்றார் யாக்கூப், உள்ளேயிருந்து. “நீங்க போயிட்டு வாங்க. முழுசா கேட்டுட்டா ஒருவேளை இந்தக் கதவுக்கு ஒரு தீர்ப்பு வரும்.”

அந்தத் தீர்ப்புக்குத்தான் தஸ்ரின் பயந்தாள். பாட்டில் வாசலும் இருக்காது, விளக்கும் இருக்காது. ஒரு வருஷமாக ஒருத்தி தன் வீட்டைத் திறந்து போட்டிருந்தது தேய்த்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு தான் இட்டுக்கட்டிய இரண்டு வரிக்காக என்று ஆயிரம் பேருக்கு நடுவில் தெரியவரும். அதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனாள். ஒவ்வொரு நாளும் சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

நிகழ்ச்சி நாளில் வெயில் தாழுமுன்பே ஹமீதா பீவி பர்தா அணிந்து தயாராக நின்றாள். படியிறங்கியவள் திரும்பிப் போய், அந்தப் பகல் வெளிச்சத்திலேயே வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

பஸ் கருங்கல் தாண்டியதும் தஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

“மாமி, அண்ணு நான் பாடினேன் இல்லியா, அந்த ரெண்டு வரி…”

“சன்னல அடை மக்கா. காத்து முகத்துல அடிக்கு.”

“இல்ல மாமி, அது வந்து…”

“அடைன்னு சொன்னேன் இல்லியா.” ஹமீதா பீவி அவள் மடியில் கைவைத்தாள். இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

மைதானத்தில் இந்தத் தடவை வாசல்கள் நிறைய வைத்திருந்தார்கள். ஹமீதா பீவி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றுக்கு நேராக நின்றாள். கறுப்புச் சட்டைப் பையன்கள் இரண்டு பேர் அவளைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

“உம்மா, நீங்களும் சாளை ஃபேனா?”

“எங்க வீட்டுல மூணு நேரமும் சாளைதான் மக்கா.”

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஏலே, உம்மாவ இடிக்காம நில்லுங்கலே,” என்று பின்னாலிருந்தவர்களை அதட்டினார்கள்.

முதலில் கொச்சியிலிருந்து வந்த ஒரு பேண்ட் பாடியது. பிறகு சென்னைக்காரர்கள். கிட்டார் கீச்சிட்டபோது தஸ்ரின் தலைக்கு மேலே போகிற வயர்களைப் பார்த்தாள். விளக்குகள் அணைந்து எரியும் ஒவ்வொரு தடவையும் ஹமீதா பீவியின் பர்தாவைப் பிடித்துக்கொண்டாள். டிரம் அடி அதே விலா எலும்பைத் தேடி வந்து தட்டியது. ஜெனரேட்டரின் டீசல் வாடைக்குள் பானிபூரிப் புளித்தண்ணீர் வாடையும் கலந்து வந்தபோது, தோளில் ஒரு பையின் கனம் கூடியது போலிருந்தது. தொட்டுப் பார்த்தாள். அவளுடைய பை மட்டும்தான் இருந்தது. ஹமீதா பீவி பஞ்சைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. இடி இடிக்கிற சத்தத்தில் இமைக்காமல் நின்றாள்.

சாளை மேடையேறியது. பிரைட்டன் தாடி வைத்திருந்தான். கூட்டம் அடங்கக் காத்திருந்தான்.

“அண்ணு பாதியில நின்னது. இண்ணு முழுசாப் பாடுகோம். மூணு பேருக்காக.”

மைதானம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. ஹமீதா பீவியும் ஹிபாவின் போனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, எல்லோரையும் போல உயர்த்தினாள்.

*கடைசி வண்டி போயாச்சு…*

கூட்டம் கூடவே பாடியது. எல்லோருக்கும் மூன்று வரி மனப்பாடம். ஹமீதா பீவியின் உதடுகளும் அசைந்தன. தஸ்ரின் மேடையைப் பார்க்கவில்லை. அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டதைச் சொல்ல இனி நேரமில்லை.

*நடந்து வா, நடந்து வா…*

‘வா’ நீண்டது. அந்த இடம். இப்போது கரண்டு போகவில்லை. விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் தஸ்ரினின் காதில் எல்லாம் செத்து, டிரம் மட்டும் தனியாக அடித்தது. பக்கத்தில் யாரோ ‘கேட்டியா’ என்றார்கள். திரும்பினாள். சொன்னவர் யாரும் இல்லை.

மேடையிலிருந்து அடுத்த வரி வந்தது:

*விடியும்வரை நிக்கமாட்டேன்,*
*வேற ஊரு எனக்கிருக்கு.*

கூட்டம் ஆரவாரித்தது. எவனோ ஒருவன் எவளையோ விட்டுவிட்டுப் போகிற பாட்டு, அவ்வளவுதான். பிரைட்டன் துள்ளிக் குதித்து அந்த இரண்டு வரியையும் மறுபடி பாடினான். பையன்கள் கையை உயர்த்தி, வேற ஊரு, வேற ஊரு என்று கத்தினார்கள்.

ஹமீதா பீவி போனைத் தாழ்த்தியிருந்தாள். பழைய வீடியோ நிற்கிற அதே இடத்தில் இதையும் நிறுத்தியிருந்தாள். ஆனால் அவள் உதடுகள் நிற்கவில்லை. மைதானம் முழுவதும் பாடியது அவள் உதட்டில் இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் அவள் குரல் யாருக்கும் கேட்டிருக்காது, தஸ்ரினுக்கும் கேட்கவில்லை. உதட்டசைவு போதுமாயிருந்தது. ‘வாசல்’ என்று வாய் திறந்தது. ‘அணைக்கல’ என்று மூடியது. அவசரமில்லாமல், ஒரு சொல் விடாமல், முடிவுவரை பாடினாள்.

மேடையில் பாட்டு இன்னும் முடியவில்லை. ஹமீதா பீவி போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். தஸ்ரினின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். பின்முற்றத்து ஈரத்தரையில் எதிரே உட்கார்ந்து அன்று பார்த்தது போலவே அவளைப் பார்த்தாள்.

பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள். கறுப்புச் சட்டைப் பையன்கள் பாடிக்கொண்டே இரண்டு பக்கமும் விலகினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும், அதற்குப் பின்னால் இருந்தவர்களும் விலகினார்கள். ஒருவர் தோளும் படாமல் அந்த வழியே அவள் போனாள்.