மூன்று வெடிக்குப் பிறகு

வண்டி சாய்ந்தபோது நான் சுமையின் உச்சியில் நின்று புல்லை மிதித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தூரப் போய்ச் சேற்றில் விழுந்தேன். கீழே மாடுகளுக்குப் பக்கத்தில் நடந்துவந்த என் கணவர் ஆசகேல் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

கடலோரச் சதுப்பில் புல் அறுத்துப் பிழைக்கிற எங்களுக்கு ஓடைக்கரை எங்கே உள்வாங்கும் என்று தெரியும். தெரிந்தும் அன்று அவசரம். பௌர்ணமிக்கு மறுநாள், சாயங்காலத்துக்குள் கடல் ஏறிச் சதுப்பு முழுவதையும் மூடிவிடும். அதற்குள் கடைசிச் சுமையை மேட்டுக்குக் கொண்டுபோக நினைத்தோம். கரை இடிந்து, சக்கரம் ஓடைக்குள் இறங்கி, வண்டி அவர் தொடைகளின் மேல் படுத்துக்கொண்டது.

"ஏங்க! ஏங்க!"

"கத்தாத கெசியா, உயிரோடதான் இருக்கேன்." முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "காலுதான் வண்டிக்குச் சொந்தமாயிடுச்சு."

கையால் புல்லை வாரி வாரி வீசினேன். சுமை குறைந்தது, வண்டி அசையவில்லை. மாடுகளை அவிழ்த்து, சங்கிலியை அச்சில் மாட்டி இழுக்கவிட்டேன். மாடுகள் முழங்கால்வரை சேற்றில் இறங்கின. வண்டி ஒரு விரல் அளவு திரும்பியது. அவர் போட்ட சத்தத்தில் சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

ஓடையில் தண்ணீர் பின்னோக்கி ஓட ஆரம்பித்திருந்தது. கடல் வருகிறது.

அந்தக் கோடையில் எங்களோடு போரிலிருந்த ராஜாவின் கப்பல்கள் விரிகுடாவில் திரிந்தன. குதிரைகளுக்குத் தீவனம் தேடிப் படகுகளில் சிப்பாய்கள் இறங்கி எங்கள் ஊர்களின் புல்லைக் கொள்ளையடித்தார்கள். அதனால் ஊர்ப்படையில் பெயர் கொடுத்தவர்கள் யாரும் துப்பாக்கி இல்லாமல் வயலுக்குப் போகக்கூடாது என்று கட்டளை. ஆசகேலின் துப்பாக்கி வண்டியிலிருந்து தெறித்துப் புல்மேல் விழுந்து ஈரமில்லாமல் கிடந்தது. வெடிமருந்துப் பையும் இருந்தது.

"சுடு," என்றார். "மூணு தடவ."

மூன்று வெடி என்றால் ஆபத்து. கேட்கிற வீடெல்லாம் பதிலுக்கு மூன்று வெடி வெடிக்க வேண்டும். நான் சுட்டேன், மருந்தைக் கொட்டி இடித்து மறுபடி சுட்டேன், மூன்றாவதும் சுட்டேன். தோள் எரிந்தது. கொஞ்ச நேரம் கொக்குகளின் சத்தம் மட்டும். பிறகு மேட்டு வீடுகளில் ஒன்று பதில் சொன்னது. இன்னொன்று. அப்புறம் கோயில் மணி, அதன்பின் முரசு.

"வர்றாங்க! வர்றாங்கங்க!" அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எழுந்து பார்த்தேன். மேட்டுப் பாதையில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டே, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடினார்கள். எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டி ஓடினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. வெடி கேட்டால் வெடி வந்த இடத்துக்கு யாரும் ஓடுவதில்லை. கோயில் வாசலில் கூடுவார்கள், வரிசை கட்டுவார்கள், தலைவர் சொல்கிற பக்கம் போவார்கள். எல்லா வீடும் வெடித்துவிட்ட பிறகு முதல் வெடி எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? இந்த விதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டது.

"எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க," என்றேன்.

ஆசகேல் கண்ணை மூடிக்கொண்டார். "உங்க அண்ணன் இப்ப வரிசையை நேராக்கிட்டு இருப்பான். வயித்த உள்ள இழுன்னு சொல்லிட்டு இருப்பான்."

ஊர்ப்படையின் தலைவர் என் அண்ணன் யாபேஸ். போன வசந்தத்தில் ஊர் ஆண்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். ஆசகேல் மட்டும் கையைத் தூக்காமல், "மச்சானுக்கு ஓட்டம் நல்லா வரும், எந்தப் பக்கம்னுதான் தெரியல," என்று எல்லார் முன்னும் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது. நான் கோயிலுக்கு ஓடித் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும்.

சதுப்பின் நடுத் திட்டில் புல்குவியல்கள் நின்றன, ஊரின் மொத்தக் குளிர்காலத் தீவனமும். ஓரமாக நின்ற பெரியது அண்ணனுடையது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அதுதான்.

"அதைக் கொளுத்தப் போறேன்," என்றேன்.

"எதை?" திரும்பிப் பார்த்தார். "யாபேஸோடதையா? அடியே, உசுரோட தோலை உரிச்சிடுவான்டி!"

"உரிக்கவாவது வருவான்ல!"

எதிரி இறங்கிப் புல்லைக் கொளுத்துகிறான் என்று நினைத்தால் படை இந்தப் பக்கம் வந்தே ஆகவேண்டும். துப்பாக்கியில் தீப்பொறி விழுகிற கிண்ணத்தில் மருந்தை வைத்து, உலர்ந்த புல்லை மேலே பிடித்து விசையை அழுத்தினேன். இரண்டு முறை பொய்த்தது. மூன்றாவது முறை பற்றிக்கொண்டது. அதைக் குவியலின் அடியில் செருகினேன்.

கரையிலிருந்து கடல் பக்கம் காற்று அடித்தது. புகை முதலில் உயர எழுந்து, பிறகு தாழ்ந்து எங்கள் மேலேயே வந்தது. ஓடிவந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். மேல்பாவாடையை அவிழ்த்துச் சுருட்டி அவர் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தேன். தண்ணீர் மார்புக்கு வந்தது. கடைசியில் முரசு எங்கள் பக்கம் நெருங்கியது. அண்ணன் வருகிறான்!

முரசு நின்றது.

சதுப்பின் எல்லையில் கற்சுவர் இருக்கிறது. அதன் பின்னால் தொப்பிகள் தெரிந்தன. யாரும் தாண்டவில்லை. பக்கத்து ஊரில் இப்படித்தான் புகையைப் பார்த்துக் குருட்டுத்தனமாக ஓடி, மறைந்திருந்த சிப்பாய்களிடம் சிக்கி இரண்டு பேர் செத்தார்கள். அண்ணன் எதிரியின் படகுக்காகக் காத்திருந்தான். நான் கத்திய கத்தலைக் காற்று கடலுக்குக் கொண்டுபோயிற்று.

தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டது.

"போ, கெசியா."

"விட்டா தலை சாஞ்சிடும்."

"சாயாது. பிடிச்சுக்குவேன். போடி!" பிறகு மெதுவாக, "போம்மா."

புகைக்குள் ஓடினேன். கண் தெரியவில்லை. புகையைவிட்டு வெளியே வந்து கையை ஆட்டிய மறுகணம் காதோரம் ஏதோ கிழித்துக்கொண்டு போனது. அப்புறம்தான் வெடிச்சத்தம் கேட்டது. சேற்றில் விழுந்தேன். என்னையா சுடுகிறார்கள்? குனிந்து பார்த்தேன். மேல்பாவாடை போய் உள்ளே கட்டியிருந்த சிவப்புக் கம்பளிப் பாவாடை தெரிந்தது. ராஜாவின் சிப்பாய்களுடைய மேலங்கியும் அதே சிவப்புதான்.

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்சட்டையோடு, முழங்கால் தெரிய, தலைவிரி கோலமாக எழுந்து ஊரின் அத்தனை ஆண்களுக்கும் நேரே ஓடினேன்.

"சுடாதீங்கடா! பொம்பளடா!" சுவருக்குப் பின்னாலிருந்து நெகேமியாவின் குரல். அவர் எங்கள் ஊர்க் கொல்லர். "ஏய் யாபேஸ், உன் தங்கச்சிப்பா!"

அண்ணன் சுவரைத் தாண்டி வந்தான். "எத்தனை பேரு? படகு எங்க?"

"படகு இல்லண்ணே. யாரும் இல்ல. அவரு ஓடைக்குள்ள, வண்டிக்கு அடியில. தண்ணி வாய்க்கு வந்திருச்சு."

"அப்ப இந்தத் தீ?"

"நான்தான் வெச்சேன்."

அதற்குள் பின்னால் ஒருவன் அலறினான். காற்று திரும்பித் தீ அடுத்த குவியலைப் பிடித்திருந்தது. வரிசை உடைந்தது. துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு ஆட்கள் அவரவர் புல்லை நோக்கி ஓடினார்கள்.

"நில்லுங்கடா! இது உத்தரவு!" என்றான் அண்ணன்.

"உத்தரவ உன் மாட்டுக்குப் போடு!" என்று ஒருவன் ஓடிக்கொண்டே சொன்னான். "என் மாடு புல்லுதான் திங்குது!"

அவர்கள் சம்பளத்துக்கு நிற்கிறவர்கள் இல்லை. தாங்களே கை தூக்கித் தலைவனாக்கிய ஆளை எந்த நேரமும் கை இறக்கிவிடலாம். அது அண்ணனுக்கும் தெரியும். அவன் எரிகிற தன் குவியலை ஒருமுறை பார்த்தான். வாளைக் கழற்றிச் சேற்றில் போட்டான். புகைக்குள் ஓடினான். நானும் நெகேமியாவும் இன்னும் ஐந்தாறு பேரும் பின்னால் ஓடினோம்.

ஓடையில் அவர் முகம் இல்லை. என் மேல்பாவாடை மட்டும் மிதந்தது.

அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். நான் முங்கி அவர் தலையைத் தேடிப் பிடித்தேன். விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. அவர் இருக்கிறார்!

"தூக்கு!" வண்டி எழும்பி, வழுக்கி, திரும்ப இறங்கியது. தண்ணீருக்கடியில் அந்த விரல்கள் விரிந்துபோயின.

"ஆள் பத்தலடா!" என்று நெகேமியா சதுப்பே அதிரக் கூவினார். "டேய், ஒருத்தன் சாகுறான்டா! புல்லுக்காரனுங்களா!"

முதலில் ஒருவன் திரும்பி வந்தான். கையில் இன்னும் புல்வாரி. பிறகு மூன்று பேர். பிறகு, மாட்டைப் பற்றிச் சொன்னவனும் வந்து, யாரையும் பார்க்காமல் தண்ணீரில் குதித்தான்.

பயிற்சி நாள்களில் கேலி பேசிக்கொண்டே பழகியது அப்போது உதவியது. அண்ணன் சொன்ன ஒரே சொல்லுக்கு அத்தனை தோள்களும் ஒன்றாக எழுந்தன. வண்டி எழும்பியது. அவரை இழுத்தேன்.

உதடு நீலமாக இருந்தது. மூச்சில்லை. ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. யாரோ கொண்டுவந்த முரசைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் அவரைக் குப்புறக் கிடத்தி, நெகேமியா முன்னும் பின்னும் உருட்டினார். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மறுபடி உருட்டினார். இன்னும் தண்ணீர்தான் வந்தது.

"போதும்பா," என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்.

"எவன்டா போதும்ங்கிறது?" அண்ணன் நெகேமியாவைத் தள்ளிவிட்டுத் தானே உருட்டினான். "டேய் ஆசகேல். டேய் மச்சான். டேய்."

முதுகு ஒரு தடவை குலுங்கியது. இருமல் வந்தது, பிறகு குழந்தை வீறிடுவதுபோல் ஒரு சத்தம். நான் முரசுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டேன். கண் திறக்கவில்லை. மூச்சு வந்தது, நின்றது, பிறகு வந்தது.

சுற்றிலும் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் குவியல்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டிருந்தன. யாரும் போகவில்லை. இனிப் போய்ப் பயனுமில்லை.

அண்ணன் தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டான்.

"குளிர்காலத்துக்கு மாட்டையெல்லாம் என்ன பண்ணப் போறோம், கெசியா?"

"தெரியலண்ணே."

"எனக்கும் தெரியல," என்றான். பிறகு குனிந்து, ஆசகேலின் உடைந்த கால் அசையாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "தூக்குங்கப்பா, மெதுவா," என்றான்.