பொய்ச் சண்டையில் வராத இழுவை

"துணி வெட்டுற கத்திரியால அட்டையை வெட்டியிருக்கியே, உனக்கு கை கூசலையா?"

"கத்திரின்னா வெட்டத்தானேக்கா? பூஜை பண்ணவா?"

"வாயைப் பாரு. மொக்கையாப் போச்சுன்னா சாணை பிடிக்க நீயா போவ?"

பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது. காதை ஒட்டவைக்கும் சிரமம்கூட நமக்கு இல்லை. இரண்டு மாதமாக இதே கதைதான். அதற்கு முன்பு தையல்காரியும் அவள் தம்பியும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்தவர். அவர் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, "தம்பிக்கு யாரு சோறு போடுவா?" என்றே இரண்டு தடவை தட்டிக்கழித்தாள். மனிதர் கோபித்துக்கொள்ளாமல் இருமல் மருந்து விற்றபடி காத்திருந்தார்.

இப்போதோ தம்பி அவளை நிம்மதியாக ஊசியில் நூல் கோக்க விடுவதில்லை. அளவுச் சீட்டின் மேல் காபி டம்ளரை வைத்தான். நூல்கண்டுகளைக் கலைத்தான். கடைசியாக, வாடிக்கையாளரின் ரவிக்கையால் ஜன்னலைத் துடைத்தான். அன்று அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் நேரே மருந்துக்கடைக்குப் போய், "எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தலைவலி மாத்திரை வாங்க நின்றவர்கள் மூன்று பேர் சாட்சி. தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

கல்யாணத்துக்கு முன் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். துணைக்கு நான்தான் போனேன். காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட புதிதாக ஒரு குரல் பெட்டி.

"டோக்கன் இருபத்தேழு, மூணாம் நம்பர் ரூமுக்கு வாங்க."

சொல் மரியாதையானதுதான். தொனியோ, சாணை பிடிக்க நீயா போவ என்கிற அதே தொனி. இருபத்தேழு அல்லாதவர்களும் ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டைப் பைக்குள் மறைத்தார். தையல்காரி பெட்டியையே பார்த்தாள். அது அவள் குரல்.

கணினிக்குப் பேச்சுக் குரல் தயாரிக்கும் நிறுவனத்தில்தான் தம்பிக்கு வேலை. எங்கள் பக்கத்துப் பேச்சில் வாக்கியத்தின் வால் கொஞ்சம் இழுபட்டு மேலே ஏறும். அந்த இழுவையோடு ஒரு குரல் வேண்டும் என்று மேலிடம் அவனை நெருக்கியது. முறைப்படி அக்காளிடம் கையெழுத்து வாங்கி, கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஆயிரம் வாக்கியம் படிக்கவைத்தான். மைக்கைக் கண்டதும் அவள் செய்தி வாசிப்பவளாகிவிட்டாள். இழுவை போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியாமல் வீட்டு பீரோவின் மேல் ஒரு மைக் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அன்று மாலை சுவருக்கு அப்பால் குரல் உயரவில்லை. அதனால் கொஞ்சம் நெருங்கி நிற்க வேண்டியதாயிற்று.

"கேட்டிருந்தா நானே சண்டை போட்டுக் காட்டியிருப்பேனேடா."

"பொய்ச் சண்டையில அந்த இழுவை வராதுக்கா."

"ரவிக்கையும் அதுக்குத்தானா?"

"அன்னைக்குத்தான் நல்லா வந்துச்சு." நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "அக்கா, அந்தக் கல்யாணத்தை வேண்டாம்னு சொல்லிடு. நான் தனியா என்ன பண்ணுவேன்? நீ கோபத்துல சொன்னதுதானே அது."

"கோபத்துல சொன்னதுதான் நெசம்னு உன் ஆபீஸே எடுத்துக்கிச்சு. அவரும் எடுத்துக்கிட்டாரு. இனி நான் என்னத்தை மாத்துறது? சோறு வடிச்சு வச்சிருக்கேன், சாப்பிடு."

அந்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து தம்பியுடையது. தையல் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக, அவள் மருந்துக்கடையின் மாடிக்குக் குடிபோனாள். தம்பி ஏழெட்டு மாதம் ஓட்டலில் சாப்பிட்டு இளைத்தான்; பிறகு தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போனான். அங்கே கூட வேலை பார்க்கும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டானாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். எங்கள் பக்கத்து வீட்டுக்கு இப்போது ஒரு கணக்கு வாத்தியார் குடும்பம் வந்திருக்கிறது.