மூன்று தரம் வந்த சின்னம்மை

சின்னம்மா போன பிறகு நான் எழுதிய முதல் காகிதம் ஒரு விடுப்பு விண்ணப்பம். நகராட்சி ஊழியர்களுக்கென்று அச்சடித்த படிவம் அது. ஐந்தாவது கட்டத்தில், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கும். கைப்பழக்கத்தில் 'சின்னம்மா' என்று எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'சின்ன' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். 'ம்மா' என்று மிச்சம் நின்றது. முன்னால் இடம் இல்லை. மேலே இடுக்கிக்கொண்டு ஒரு 'அ' போட்டேன்.

நான் பிறப்பு இறப்புச் சான்றிதழ் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். 'அடித்தல் திருத்தல் கூடாது' என்ற அட்டை என் தலைக்கு மேல்தான் தொங்குகிறது. அதை எழுதியதும் நான்தான்.

எங்கள் விடுப்பு விதிப்படி அம்மா, அப்பா, கணவன், மனைவி, பிள்ளைகள் இறந்தால் ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு. மற்ற உறவுக்கெல்லாம் ஒரே ஒரு நாள். நான் ஏழு நாளும் வீட்டில் இருந்துவிட்டேன். என்னுடைய மற்ற விடுப்பெல்லாம் அதற்கு முந்தைய நான்கு மாதத்தில், அவள் கட்டில் பக்கத்திலேயே தீர்ந்து போயிருந்தது.

விடுப்புப் பிரிவில் இருந்தவருக்கு எங்கள் கட்டடத்தில் 'திருப்பி சார்' என்று பெயர். எது போனாலும் திருப்பி அனுப்புவார். மடிப்பு நேராக இல்லை என்று ஒரு டிரைவரின் விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறார். அவருடைய கல்யாணப் பத்திரிகையையே பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. என்னுடையதை அவர் திருப்பி அனுப்பவில்லை. ஆளையே கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா இது, அடித்தல் திருத்தல்? அதுவும் நீங்க?"

என் பணிப்பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில், 'தாய்: காலமானார்' என்று, வேலைக்குச் சேர்ந்த அன்று நானே எழுதியது இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "ஒருத்தங்க ரெண்டு தரம் இறக்க முடியாதும்மா" என்றார். கிண்டல் இல்லை. மனுஷனுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. பத்து நாள் ஒத்தாசைக்கு என்று ஒரு துணிப்பையோடு வந்த அம்மாவின் தங்கை நாற்பது வருடம் இருந்துவிட்டாள். அப்பா அடுத்த வருடமே வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஆகிவிட்டார். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பிள்ளை ரெடியா இருக்கு, அப்புறம் எதுக்கு வீணா ஒரு ஆளு?" என்பாள்.

அவளும் நகராட்சி ஊழியர்தான். தண்ணீர்ப் பிரிவில் வால்வு திறக்கிற வேலை. தன்னைவிட உயரமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் தெருத்தெருவாகப் போவாள். தெரு முனையில் உள்ள மூடியை நெம்பித் தூக்கி, சாவியை இறக்கித் திருகுவாள். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது எழுதி வைத்த கணக்கு இல்லை, அவள் கைக்கு மட்டும் தெரிந்தது. தெருவில் எல்லாருக்கும் அவள் தண்ணியக்கா. தண்ணீர் தாமதமானால் வாசலில் வந்து சண்டை போடுவார்கள். "குழாய்கிட்டப் போய்க் கத்துங்க, அதுக்கும்தான் வாய் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூடிக்குப் போய்விடுவாள்.

திருப்பி சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம்.

என் பக்கத்துக் கவுண்டர் அக்கா ஒரு வழி சொன்னார். ஏழு நாளும் காய்ச்சல் என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தால் மருத்துவ விடுப்பில் போய்விடும், ஊரே அப்படித்தான் செய்கிறது, நீ என்ன பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளையா என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அந்த ஏழு நாள் நான் காய்ச்சலில் படுத்திருக்கவில்லை. அம்மா செத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடத்தில் ஒரு தரம்கூட அவளை நான் அம்மா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால், "என்னடி புதுசா?" என்று கேட்டுச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே விட்டுவிட்டேன். ஒரு பதிவேட்டிலாவது அந்தச் சொல் ஏறட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. சம்பளம் போனால் போகட்டும், சொல்லை மாற்ற மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து திருப்பி சாரே என் கவுண்டருக்கு வந்தார். விதிப் புத்தகத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறதாம். தாய் என்றால் வளர்த்த தாயும் அடங்கும். ஆனால் இறந்தவர் தன் வாழ்நாளில் விண்ணப்பதாரரை மகன் என்றோ மகள் என்றோ குறிப்பிட்ட அலுவலகக் காகிதம் ஏதாவது வேண்டும். வீட்டில் தேடினேன். பள்ளிக்கூடக் காகிதங்கள் எல்லாவற்றிலும் 'பாதுகாவலர்: சின்னம்மா' என்றே இருந்தது. அதைச் சொன்னதும் அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். சட்டை முழுக்கத் தூசி. பதிவறையில் மூன்று நாள் குடைந்து, ஓய்வுபெற்ற தண்ணீர்ப் பிரிவு ஆட்களின் காகிதக் கட்டுகளிலிருந்து சின்னம்மாவின் விடுப்புப் பதிவேட்டை எடுத்திருந்தார்.

"படிக்கிறேன், கேளுங்க" என்றார்.

மகளுக்குப் பல் வலி, அரை நாள். மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம், அரை நாள். மகள் மாடிப்படியில் விழுந்து முழங்கையில் அடி, இரண்டு நாள். பக்கம் பக்கமாக அப்படியே போனது. அக்கா மகள் என்று ஒரு இடத்திலும் இல்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்றும் ஒரு இடத்திலும் இல்லை. வீட்டில் என் பெயர் 'ஏய்', இல்லாவிட்டால் 'சோம்பேறி', ரொம்பப் பிரியம் வந்தால் 'கழுதை'. எனக்கு மகள் என்று ஒரு பெயர் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும்.

"ஆதாரம் கிடைச்சாச்சு" என்றார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பி மூன்று இடங்களைக் காட்டினார். தொற்று விடுப்பு, பதினான்கு நாள். காரணம்: மகளுக்குச் சின்னம்மை. என் ஒன்பது வயதில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்று.

தொற்று விடுப்பு என்பது வேறு வகை. வீட்டில் யாருக்காவது தொற்றுநோய் வந்தால் ஊழியர் வேலைக்கு வரவே கூடாது. அதிலும் தண்ணீரில் கை வைக்கிறவர் வரக் கூடாது. முழுச் சம்பளம் உண்டு, சேர்த்து வைத்த விடுப்பிலும் கழியாது.

"சின்னம்மை ஒருத்தருக்கு ஒரு தரம்தான் வரும்னு எங்க வீட்டுல சொல்வாங்க" என்றார் மெதுவாக.

ஒன்பது வயதில் வந்தது நிஜம். பன்னிரண்டில் எனக்கு ஒன்றும் வரவில்லை. அப்பாவிடமிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. புது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பெண்ணை வந்து கூட்டிப் போகிறேன் என்று எழுதியிருந்தார். நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். சின்னம்மா கதவைச் சாத்தினாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே ஒரு அட்டை எழுதச் சொன்னாள். உள்ளே சின்னம்மை, யாரும் வராதீர்கள் என்று எழுத வேண்டும். நடுக்கத்தில் நான் 'உள்ளே சின்னம்மா, யாரும் வராதீர்கள்' என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருக்கட்டும்டி. அந்த ஆளு அதுக்குப் பயப்படாட்டியும் இதுக்குப் பயப்படுவான்" என்று அப்படியே ஒட்டினாள். அப்பா வந்தார். ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். அட்டையைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். கைக்குழந்தை இருக்கிற வீடு இல்லையா, படியேறாமலே திரும்பிப் போனார். அப்புறம் வரவில்லை.

பதினாறில் எனக்கு இறுதித் தேர்வு. பதினான்கு நாளும் எதிரில் உட்கார்ந்து, நான் தலையைச் சாய்த்தால் முழங்காலில் தட்டினாள். வால்வு ரிப்பேர், வேலை இல்லை என்று என்னிடம் சொன்னாள். மாற்று ஆள் தப்பும் தவறுமாகத் திருகி, பாதித் தெருவுக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் தெருவுக்கும்தான். வாசலில் நின்று எல்லாரும் ஏசினார்கள். ஒரு வார்த்தை பதில் பேசாமல் அவள் உள்ளேயே இருந்தாள். அவள் பதில் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்தப் பதினான்கு நாள்தான்.

இதில் ஒன்றையும் திருப்பி சாரிடம் நான் சொல்லவில்லை.

"ஆதாரமா வைக்கணும்னா முழுப் பதிவேட்டையும்தான் வைக்கணும்" என்றார். "மகள்ங்கிறதை மட்டும் கத்தரிச்சு வைக்க முடியாது. மேலதிகாரி இதையும் படிப்பாரு. பொய்க் காரணம்னு பட்டா அவங்க பேர் பக்கத்துல சிவப்பு மையில குறிப்பு விழும். இப்பவே வேணாம்னு சொன்னீங்கன்னா, ஒரு நாள் விடுப்போட முடிச்சுட்டு இதைக் கட்டி உள்ளே வெச்சிடறேன்." பேனாவைத் திறந்தார். "நோயாளி நீங்கதான். நீங்க சொல்றதை வாக்குமூலமா எழுதிக்குவேன். அதைத் தாண்டி நான் யாரையும் கேக்கப் போறதில்லை. மூணு தரமும் வந்துச்சா?"

ஒரு காய்ச்சல் சீட்டு வாங்க மாட்டேன் என்று அக்காவிடம் வீறாப்பு பேசியவள் நான்.

"வந்துச்சு சார். மூணு தரமும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் குழி இருக்கிறது.

"ஒரு தழும்புதான் தெரியுது."

"மத்த ரெண்டு தரமும் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்க சார்."

சிரிக்கவில்லை அவர். தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதுகிற ஆள். நான் தலைகீழாகப் படித்தேன். 'மூன்று முறையும் தாயின் கவனிப்பில் முழுமையாகக் குணமடைந்தார்.' தாயின் என்று எழுதும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை.